கணக்கில் சேராத கோப்பை

‘ஸ்னூக்கர் சென்டர்’ என்றாலே நம் வீட்டு அம்மாக்களுக்கு முகம் சுருங்கிவிடும். சிகரெட் புகையும் படிப்பைக் கோட்டைவிட்ட பையன்களும்தான் அவர்கள் கண்முன் வருவார்கள். அந்த அம்மாக்களை ஜனவரி மாதம் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். வெய்ஸ்ட்கோட், போ டை, பந்து உருளும் சத்தம்கூடக் கேட்கும் அமைதி. (1936இல் பிபிசி தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிய கட்டடமும் அதுதான். ஊடகம் படித்தவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

அங்கே நடப்பது மாஸ்டர்ஸ். 1975இல் தொடங்கிய போட்டி. தகுதிச் சுற்று ஆடி உள்ளே நுழையும் கதையெல்லாம் கிடையாது. உலகத் தரவரிசையில் முதல் 16 பேருக்கு அழைப்பு வரும். 17ஆவது ஆள், யாராவது விலகினால் ஒழிய, வீட்டில் டிவி பார்க்க வேண்டியதுதான்.

வேடிக்கை இனிமேல்தான். ஸ்னூக்கரில் கடைசி இரண்டு ஆண்டுகளில் வாங்கிய பரிசுப் பணத்தை வைத்துத்தான் தரவரிசையே போடுகிறார்கள். ஆனால் மாஸ்டர்ஸில் வெல்லும் பணம் அந்தக் கணக்கில் சேராது. ஜெயித்தாலும் ஒரு படி ஏற மாட்டீர்கள்.

“அப்புறம் எதுக்குலா இவ்ளோ டென்ஷன்?” என்று கேட்டார் நிலையத்தில் ஒரு நண்பர்.

மற்றப் போட்டிகளில் முதல் சுற்றில் ஒரு புதுமுகம் மாட்டலாம். இங்கே முதல் நாளே எதிரில் நிற்பவர் உலகச் சாம்பியனாக இருக்கலாம். அரங்கில் ஒரே ஒரு மேசை. பார்க்க வந்த அத்தனை கண்களும் உங்கள் மேல். அதைவிடக் கொடுமை, எதிராளி ஆடும்போது நீங்கள் எதுவுமே செய்ய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். மூன்று வினாடி மௌனம் வந்தாலே பதறிப்போகும் தொழிலில் இருக்கிறேன். அந்த நாற்காலியை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

அதில் உட்கார்ந்து மீண்டு வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் பால் ஹன்டர். போட்டி வெம்பிளியில் நடந்த காலம். இறுதி ஆட்டத்தில் முதலில் 10 ஃபிரேம் எடுப்பவருக்குக் கோப்பை. 2001இல் ஃபெர்கல் ஓ’பிரையனிடம் 2-6 எனப் பின்தங்கினார். 2002இல் மார்க் வில்லியம்ஸிடம் 0-5. 2004இல் ரோனி ஓ’சல்லிவனிடம் 2-7. மூன்று முறையும் 10-9 என்று வென்றார்! ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். மூன்று முறைக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

2005இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் ஆடினார். 2006 அக்டோபரில் காலமானபோது வயது 27.

ஹன்டர் உலகச் சாம்பியன் ஆனதில்லை. தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 4ஆவது இடம். 2016இல் மாஸ்டர்ஸ் கோப்பைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.