துண்டு மாஸ்க் ஆகுமா?

ஹெல்மெட், ஷூ இல்லாமல் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்பதை நெய்வேலிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பஸ் ஏறிக் கடலூர் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பெரும்பாலும் கட்டுமரம் இருந்த இடத்தை ஃபைபர் போட் பிடித்துக்கொண்டது. பழைய போட்டைத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கிற அண்ணன் மூக்கில் கட்டியிருந்தது வெறும் துண்டு!

"என்னண்ணே, மாஸ்க் இல்லியா?" என்றேன்.

"பழகிடுச்சு தம்பி!"

பழகுவது மனசுக்குத்தான்; நுரையீரலுக்கு அல்ல. கண்ணாடி நார் தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும், நமக்கே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியோ துண்டைத் தாண்டி உள்ளே போய்விடும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கையால் தேய்த்தால் தூசி பறக்காது. கரன்ட் மெஷின் என்றால் தண்ணி ஆகாது, ஷாக் அடிக்கும். அங்கே என்95 மாஸ்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். ரெசின் நெடிக்கு அந்த மாஸ்க்கும் போதாது. கரி கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்துவிட்டு, பிறகே ஹார்டனர்!

பாதுகாப்பு நமக்கு இரண்டு மார்க் கேள்வி. அந்த அண்ணனுக்கு அது மூச்சு. நாளை சூப்பர்வைசர் ஆகப்போகிறவர்கள் நாம்தான். "மாஸ்க் வரட்டும், அப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம்" என்று முதலாளியிடம் சொல்லும் தைரியம் நமக்கு இருக்கா? யோசிங்க!