கடலைச் சொத்தையும் கல்லீரற் புற்றும்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மானாவாரி நிலங்களில் உழவர்க்குக் கைகொடுக்கும் பயிர்களுள் தலையாயது நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்னும் பெயர் மருவி, 'மல்லாட்டை' என அங்கு வழங்கும் அதனை அவித்தும் வறுத்தும் துவையலாக அரைத்தும் எண்ணெயாக ஆட்டியும் உண்ணாத வீடில்லை. திண்டிவனத்தின் பெயரால் 1940-இல் வெளிவந்த 'டி.எம்.வி. 2' என்னும் கடலை வகை, தமிழகத்திற்கு அப்பாலும் பரவி அவ்வூர்க்குப் புகழ் சேர்த்தது.

இத்துணைச் சிறந்த உணவிற்குப் பூசணம் என்னும் பகை ஒன்று உண்டு. மண்ணில் வாழும் மஞ்சட்பச்சைப் பூசணம் ஒன்று, ஈரக் கடலையைப் பற்றி நஞ்சைச் சுரக்கின்றது. அறிவியலார் அந்நஞ்சினை 'அஃபிளாடாக்சின்' என்பர். 1960-இல் இங்கிலாந்தில் நூறாயிரம் வான்கோழிகள் மடிந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே அதனைக் கண்டறிந்தனர். 1974-இல் இராசத்தான், குசராத்துப் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு, நூற்றுவர்க்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தனர்.

மிகுதியாக உண்டார் அடைந்த முடிவு அது. சிறுகச் சிறுக நெடுநாள் உண்பார்க்கோ கல்லீரற் புற்று வரும் வாய்ப்பு மிகுகின்றது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மாந்தர்க்குப் புற்று விளைப்பது உறுதி என்னும் முதல் வகையில் இந்நஞ்சை 1987-இல் வைத்தது. 'பி' வகைக் கல்லீரல் அழற்சி நச்சுயிரி உடலில் உள்ளார்க்கு இவ்விடர் பன்மடங்காகும்.

இந்நஞ்சு நுழையும் வழிகள் யாவை? காய் முற்றும் பருவத்தில் மழை பொய்த்து மண் சூடேறின், வயலிலேயே பூசணம் பற்றும். பறித்த காயை ஈரத்தோடு குவித்தால் பெருகும். இவற்றுள் முன்னது வானத்தின் செயல். ஆனால், உடைக்கும்போது பருப்புப் பிளவாதிருக்கவும் எடை கூடவும் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கமோ முழுதும் மாந்தர் செயல்!

நேரே உண்ணும் கடலையில் நூறு கோடிப் பங்கிற்கு 4 பங்கிற்கு மேல் இந்நஞ்சு இருத்தலை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்பதில்லை. ஆகவே அங்குக் கப்பலேறும் கடலை பொறுக்கித் தூய்மை செய்யப்படுகின்றது. கழிக்கப்பட்ட சொத்தையோ மலிவு விலையில் உள்ளூர்த் துவையலிலும் செக்கிலும் விழ நேர்கின்றது. பிறர்க்கு மணி, தமக்குச் சொத்தை என்பது எவ்வகை அறம்?

வறுத்தால் நஞ்சு போய்விடும் என்பது தவறு. சிறிது குறையுமேயன்றி அழியாது. செக்கெண்ணெயைப் போற்றுவாரும் ஒன்றை மறத்தலாகாது. செக்குப் பிழியுமேயன்றி நஞ்சைப் பிரிக்காது. பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கினும், ஒரு பகுதி எண்ணெயொடு வரும். அப்பிண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் அது வேற்றுருவில் இறங்கும். ஆதலால் செக்கின் தூய்மை, அதில் இடும் கடலையின் தூய்மையே.

கடலைமேற் குற்றமில்லை, புற்றெல்லாம் உணவால் வருவதும் அன்று. எனினும் இவ்வொரு வாயிலை அடைத்தல் எளிது. குலுக்கினால் பருப்புக் கலகலவென ஒலிக்குமளவு காயை உலர்த்துக. ஈரம் 8 விழுக்காட்டிற்கு மேற்படாது காக்க. நீர் தெளித்து உடைத்தலை அறவே விடுக. விற்பனைக்கூடங்கள் உலர்ந்த காய்க்கு உயர்ந்த விலை வகுக்க. அடுக்களையில் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பூத்தது யாவற்றையும் பொறுக்கி எறிக. கசந்த பருப்பை விழுங்காது துப்புக.

ஒரு கைப்பிடிச் சொத்தையை எறிய மனம் வாராமை சிக்கனம் அன்று. காசுக்கு ஈரலை ஈடு வைத்தலே ஆகும்.