மேல்தளத்தில் குடியிருப்போர்: கணக்கில் சேராத குடும்பங்கள்

மும்பையின் கிழக்குப் புறநகரான விக்ரோலியில், பார்க்சைட், சூர்யா நகர் பகுதிகளின் மலைச்சரிவுக் குடிசைகளில் தரைத்தளத்தில் ஒரு குடும்பமும், இரும்பு ஏணி வழியே ஏறிச் செல்லும் மேல்தளத்தில் வேறொரு குடும்பமும் வசிப்பது சாதாரணக் காட்சி. அந்த இரண்டாவது குடும்பத்துக்குச் சட்டத்தில் என்ன இடம் என்ற கேள்வியை, தாராவி மறுசீரமைப்புத் திட்டம் மீண்டும் எழுப்பியுள்ளது.

குடிசைப் பகுதி வீடுகள் 14 அடி உயரத்துக்கு மிகக்கூடாது என்பது மும்பை மாநகராட்சி கடைப்பிடித்து வந்த விதி. அதை மீறிய மேல்தளங்கள் இடிப்புக்கு உள்ளாகின்றன; மீண்டும் எழுகின்றன. 1995-ல் அமைக்கப்பட்ட குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் திட்டங்களிலும் தரைத்தளம் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டு வந்துள்ளது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே வசிப்போருக்கு இலவச வீடு; அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தோருக்குக் கட்டணத்துடன் வீடு. மேல்தளத்தில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும் இப்பட்டியலில் இடமில்லை.

தாராவியில் மட்டும் இந்த நிலை மாறியுள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழர்கள் பெருமளவில் வாழும் அப்பகுதியில், 2022 நவம்பர் 15 வரை மேல்தளத்தில் குடியிருந்தோருக்கும் 300 சதுர அடி வீடு வழங்க மகாராஷ்டிர அரசு முடிவு செய்தது. ஆனால் அந்த வீடு தாராவியில் அல்ல. மும்பை பெருநகரப் பகுதியில் வேறோர் இடத்தில். இலவசமும் அல்ல, வாடகையுடன் கூடிய தவணை முறையில். தகுதி பெற்ற தரைத்தளவாசிகளுக்கோ தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம்.

வெளியேற்றப்படுவோருக்கான வீடுகளுக்கு, மத்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 256 ஏக்கர் உப்பள நிலமும் ஒதுக்கப்பட்டுள்ளது. அதில் பெரும்பங்கு விக்ரோலியை அடுத்த காஞ்சூர்மார்க்கில் உள்ளது. தாராவியின் மேல்தளவாசி விக்ரோலியின் எல்லையில் தவணை வீடு பெறலாம். விக்ரோலியின் மேல்தளவாசிக்கு அதுவும் இல்லை என்ற விசித்திர நிலை உருவாகியுள்ளது.

அரசுத் தரப்பு வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. எல்லா மேல்தளங்களுக்கும் இலவச வீடு என அறிவித்தால், அறிவிப்புக்கு மறுநாளே புதிய தளங்கள் முளைக்கும். ஒரே குடிசைக்கு இரண்டு, மூன்று வீடுகள் என்றால் அவற்றை ஈடுகட்டக் கூடுதல் கட்டடப் பரப்பை அனுமதிக்க வேண்டும். நெரிசல் மேலும் பெருகும்.

ஆயினும் இதில் இழப்பு யாருக்கு என்பதே முக்கியம். மேல்தளத்தைக் கட்டி வாடகை பெற்றவர் கீழ்வீட்டுக்காரர். அவருக்குக் கீழ்வீட்டுக்கான உரிமை நிலைக்கிறது. வாடகை கொடுத்தவரோ தாம் அங்கு வசித்ததை மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் போன்ற ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும். வாய்மொழி வாடகையே வழக்கமான இடத்தில் இது எளிதன்று.

பாதுகாப்புப் பிரச்சினையும் உண்டு. 2021 ஜூலை 18 அன்று பெய்த பெருமழையில், செம்பூரிலும் விக்ரோலி சூர்யா நகரிலும் வீடுகள் இடிந்து 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவான நிலத்தில், எந்தப் பொறியாளரும் பார்வையிடாத கூடுதல் தளம் ஆபத்தானது என்பதில் ஐயமில்லை. அனுமதி பெறவே வழியில்லாதபோது, பரிசோதனைக்கு யாரும் முன்வர மாட்டார்கள் என்பதும் உண்மை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், வீட்டுமனையில் இரண்டாவது சிறு குடியிருப்பு கட்டும் விண்ணப்பங்கள் மீது உள்ளாட்சிகள் 60 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என 2020 முதல் விதித்துள்ளது. அங்கு மனைக்குப் பட்டா உண்டு; விக்ரோலிச் சரிவில் அது இல்லை. எனவே அந்த விதியை அப்படியே பெயர்த்து நட முடியாது.

எனினும், குடும்பங்களை எண்ணுவது வேறு, கட்டடத்தை அங்கீகரிப்பது வேறு எனப் பிரித்துப் பார்க்க இயலும். குறிப்பிட்ட நாள் வரை மேல்தளத்தில் வசித்தோரைக் கணக்கெடுத்து மாற்று வீட்டுக்குத் தகுதி அளிப்பது, விதிமீறிய தளத்துக்கு ஒப்புதல் தருவதாகாது. தாராவியில் அரசு செய்திருப்பதும் இதுவே. ஒரே மாநகரில், ஒரே சட்டத்தின் கீழ், விக்ரோலிக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது என்பதற்கு அரசுதான் விடை கூற வேண்டும்.