கரப்பானும் சிரங்கும் ஒன்றல்ல

குழந்தையின் முழங்கை மடிப்பில் தடிப்பைக் கண்டதும் நம்மில் பலர் "சிரங்கு" என்றே சொல்லிவிடுகிறோம். சிரங்கு தொற்றக்கூடியது. ஆனால் முழங்கை, முழங்கால் மடிப்புகளில் அரிப்போடு தோன்றி, தணிந்து, மீண்டும் மீண்டும் வருவது பெரும்பாலும் கரப்பான். மருத்துவர் இதனை எக்ஸிமா என்பர். இது தொற்றாது. சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது உண்டு.

ஆசிரியர்களின் அச்சம் காரணமற்றதன்று. 2000ஆம் ஆண்டில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவியபோது இங்குள்ள பாலர் பள்ளிகள் மூடப்பட்டன. அந்நோயில் காய்ச்சல் வரும். வாயில் புண்ணும், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்களும் தோன்றும். அப்பிள்ளை வீட்டில்தான் இருக்கவேண்டும். கரப்பான் உள்ள பிள்ளையையும் அவ்வாறே ஒதுக்கி உட்காரவைப்பது அநீதி.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில் கரப்பான் சிவப்பாகத் தெரியாமல், கருத்தோ சாம்பல் பூத்தோ காணப்படலாம். அதனை அழுக்கென்று எண்ணித் தேய்த்துக் குளிப்பாட்டினால் தோல் மேலும் வறண்டு அரிப்பு மிகும். வியர்வையும் குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றும் அரிப்பைத் தூண்டும். குளித்தவுடன், ஈரம் காயுமுன், வாசனை சேராத ஈரப்பதக் களிம்பைப் பூசுவதே அடிப்படைச் சிகிச்சை. மூலப்பொருள் குறிக்கப்படாத களிம்புகளை வாங்காதீர்கள். அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. அரிப்பு உறக்கத்தைக் கெடுத்தால் பலதுறை மருந்தகம் செல்லுங்கள். மண்டலே சாலையிலுள்ள தேசியத் தோல் நிலையம் தேக்காவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

இரவெல்லாம் சொறிந்த பிள்ளை காலையில் வகுப்பில் கவனம் சிதறி அமர்ந்திருக்கும். அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளுமுன் அதன் கைகளைப் பாருங்கள். "தொடாதே" என்று பிற பிள்ளைகள் சொன்னால், தொட்டால் ஒட்டாது என்று அங்கேயே விளக்குங்கள்.