எல்லார் முதுகிலும் விழுந்த அடி

ஆன்மிகப் படம் என்றதும் 1965இல் வந்த ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' போன்ற படங்களே நம் நினைவுக்கு வருகின்றன. சடைமுடியும் திருநீறும், முடிவில் கடவுளின் தரிசனமும் இருந்தால்தான் அது ஆன்மிகம் என்று பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தால் நாம் இழப்பது அதிகம். கடவுளின் பெயரையே எடுக்காமல், இன்னொரு உயிரின் வலியை நம் வலியாக உணரவைக்கிற படைப்பும் ஆன்மிகப் படைப்புத்தான். அதற்கு நான் காட்டும் சான்று, லெனின் பாரதி இயக்கி விஜய் சேதுபதி தயாரித்து 2018 ஆகஸ்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தேனி மாவட்டத்து அடிவாரத்துக்கும் மேலே உள்ள ஏலத்தோட்டங்களுக்கும் இடையில் மூட்டை சுமந்து வாழும் ரங்கசாமியின் கதை அது.

அந்த அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. விடியும்போதே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் கூலிக்குப் போகும் பெண்களை இந்த ஊர் அறியும். ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரை ஒட்டிப் படரும் சரங்களில். அதனால் பழுக்க வருகிற காயாகப் பார்த்துப் பறிக்க, நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் வேலை செய்ய வேண்டும். பறித்த காய் ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்ந்து, ஐந்து கிலோ பச்சைக்காய் ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்கி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்துக்கு வருகிறது. அங்கே திரையில் ஓடுவது எடையும் விலையும் மட்டுமே. வாங்குகிறவர் காயின் நிறத்தையும் பருமனையும் பார்க்கிறார். அதைப் பறித்த முதுகு அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. இது யாரோ ஒருவரின் கொடுமையால் நடப்பதன்று. பொருளை மட்டும் காட்டி ஆளை மறைப்பதே இன்றைய வாழ்க்கையின் ஏற்பாடு. அந்த மறதியைக் கலைப்பதுதான் இந்தக் காலத்தில் ஆன்மிகத்தின் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணம் புதிதல்ல, நம்முடைய மரபிலேயே இருக்கிறது. போடியைத் தொட்டு ஓடும் கொட்டகுடி ஆறு வைகையில் போய்க் கலக்கிறது. அந்த வைகை பெருகிக் கரை உடைத்தபோது, வீட்டுக்கு ஒரு பங்கு அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதாகத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. ஆளில்லாத கிழவி வந்திக்காக உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க வந்தவன் சிவனாகிய சொக்கநாதன். வேலையில் சுணங்கினான் என்று மன்னன் பிரம்பால் அடிக்க, அந்த அடி மன்னன் முதுகிலும் எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. மண் சுமந்து, கூலி பெற்று, அடிபட்ட அந்த மேனியை மாணிக்கவாசகரும் திருவாசகத்தில் பாடுகிறார். கூலியாளாக வந்தவனை யாரும் கடவுள் என்று அறியவில்லை. அடி தம் மேல் விழுந்த பிறகே அறிந்தார்கள்.

புராணத்தில் அதிசயத்தால் நடப்பதை நல்ல கலை அதிசயம் இல்லாமலே செய்கிறது. நிலம் வாங்கும் ஆசையோடு ரங்கசாமி சுமந்து வரும் ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும்போது, இழந்தது நாமே என்று தோன்றுகிறது. பின்னாளில் நிலம் கைக்கு வந்தும் உரத்துக்கும் விதைக்கும் பட்ட கடன் அதைத் தின்றுவிடுகிறது. தனக்குச் சொந்தமாக இருந்த மண்ணில் எழுந்த காற்றாலைக்கே அவன் காவல்காரனாக உட்கார்கிறான். தேனி ஈஸ்வரின் கேமரா மேலே போகப் போக, எத்தனை காற்றாலைகள், எத்தனை ரங்கசாமிகள் என்ற கேள்வி தானே எழுகிறது. படத்துக்கு இசை இதே மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. 2005இல் திருவாசகத்துக்குச் சிம்பொனி வடிவம் தந்தவரும் அவரே. அதைப் பக்தி என்றும் இதைச் சினிமா என்றும் பிரித்து வைப்பது நம் வசதிக்காகத்தான்.

இதற்கு இரண்டு பக்கமிருந்தும் மறுப்பு வரும். இது தொழிலாளர் அரசியல் பேசும் படம், ஆன்மிகம் என்று சொன்னால் அதன் கூர்மை மழுங்கும் என்பார்கள் இடதுசாரிகள். துன்பத்தைப் புனிதமாக்கி மக்களைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன ஆன்மிகம் உண்டு என்பதால் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் பிட்டுக் கதை அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அடித்தவனையே உணரவைக்கிறது. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலாரும் பசித்தவருக்குப் பொறுமையைப் போதிக்காமல் அடுப்பை மூட்டினார். இறைவழிபாட்டுக்கு உயிரிரக்கமே வழி என்றார். கூலியையும் நிலத்தையும் பேசுவதால் ஓர் ஆன்மிகம் சிறுத்துவிடாது.

இரண்டு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணீர் விடுவது தவமாகுமா, வெளியே வந்ததும் மறந்துவிடுவோமே என்பது பக்தர்களின் மறுப்பு. மறந்துவிடுவோம் என்பது உண்மைதான். ஆனால் கோயிலில் உருகிவிட்டு வாசலில் கைநீட்டுகிறவரை விரட்டுவதும் நடக்கிறது. மறதி எல்லா வழிபாட்டுக்கும் உள்ள ஆபத்து. கலையானாலும் சடங்கானாலும் அதன் பின் நம் நடத்தையில் என்ன மாறியது என்பதே உரைகல். ஒரு படம் தானாக யாரையும் மாற்றிவிடாது. மாறுவதற்கான காரணத்தைக் கண்ணெதிரே வைக்கும், மிச்சம் நம் பொறுப்பு.

ஆகவே ஒரு நாவலிலோ படத்திலோ ஆன்மிகம் தேடுகிறவர்கள் அது எவ்வளவு அமைதி தந்தது என்று மட்டும் கேட்க வேண்டாம். யாரை நம் கண்ணுக்குப் புலப்படுத்தியது என்றும் கேட்கவேண்டும். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் கடவுள் மண் சுமந்ததைக் கொண்டாடுகிறோம். அந்தக் கதையை நம்புகிறவர்களுக்கு, மலையேறும் ஜீப்பில் எத்தனை பேர் திணிக்கப்படுகிறார்கள், குனிந்த முதுகுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று கேட்பதும் வழிபாட்டின் பகுதிதான். அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கிற கலைக்கு ஆன்மிகம் என்ற பெயரைத் தர நாம் தயங்க வேண்டியதில்லை.