112: எல்லா வீண் அழைப்பும் விளையாட்டு அல்ல

அவசர உதவி எண் 112-க்கு வரும் வீண் அழைப்புகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், கடும் தண்டனை ஒன்றே தீர்வு என்று முடித்துவிடுகிறோம். பொய்யான அழைப்பை நம்பி ஒரு வாகனம் புறப்பட்டால், உண்மையிலேயே உயிருக்குப் போராடும் ஒருவர் காத்திருக்க நேரும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் 'வீண் அழைப்பு' என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு செயல்களை அடக்கிவிடுகிறோம்.

முதலாவது, கைதவறிய அழைப்பு. சாதாரணக் கைப்பேசியில் 5 அல்லது 9 விசையை நீண்ட நேரம் அழுத்தினாலோ, திறன்பேசியின் பவர் பொத்தானை மும்முறை அழுத்தினாலோ அவசர அழைப்பு செல்ல வேண்டும் என்பது 2016-இல் மைய அரசு வகுத்த விதி. குழந்தையின் விரலும் இதைச் செய்துவிடக்கூடும். அது குற்றமன்று. இணைப்பைச் சட்டென்று துண்டிக்காமல், "தவறுதலாக அழைத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வைக்குமாறு மக்களுக்குக் கற்பித்தால் போதும்.

இரண்டாவது, அவசரமற்ற, ஆனால் உண்மையான தேவை. குடிநீர் வராதவரும் தெருவிளக்கு எரியாதவரும் 112-ஐ அழைப்பது, நினைவில் நிற்கும் எண் அது ஒன்றே என்பதால்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996-இலேயே இத்தகைய அழைப்புகளுக்கு 311 என்ற தனி எண்ணைத் தந்தது. இங்கோ புகார் எண்கள் ஊருக்கு ஊர், துறைக்குத் துறை மாறுகின்றன. வேறு கதவைக் காட்டாமல் இந்தக் கதவைத் தட்டாதே என்பது நியாயமாகாது.

மூன்றாவதான திட்டமிட்ட பொய்க்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பொய்த் தகவல் தந்து அரசு ஊழியரைத் தவறாகச் செயல்பட வைப்பவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. தேவை புதிய சட்டமன்று. இருப்பதைத் தவறாமல் நடைமுறைப்படுத்துவதே.

2012-இல் தில்லியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் உருவான நிர்பயா நிதியிலிருந்தே 112 அமைப்புக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. ஆபத்தில் இருக்கும் பெண் தயங்காமல் அழைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அடிக்கும் கணவன் அடுத்த அறையில் இருக்கையில் அழைப்பவள் வாய்திறந்து பேச மாட்டாள். அந்த மௌனத்தையும் வீண் அழைப்புக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. "தவறாக அழைத்தால் சிறை" என்ற விளம்பரம் பொய்யரை அச்சுறுத்துவதைவிட, 'இது அவசரந்தானா?' என்று தயங்கி நிற்பவளையே முதலில் அச்சுறுத்தும்.

எனவே, வீண் அழைப்புகளின் எண்ணிக்கையை வெளியிடும்போது இம்மூன்றையும் தனித்தனியே காட்ட வேண்டும். நோயைப் பிரித்தறியாமல் எல்லார்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது மருத்துவமாகாது.