பரம்பரை நோய் என்னும் பழி

பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும், "அந்த வீட்டில் டி.பி. உண்டாமே, பரம்பரை நோயாமே" என்று காதோடு காதாகப் பேசும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. அந்தப் பேச்சுக்கு அஞ்சி, இருமலை மறைத்துக்கொண்டு சாந்திபுரத்திலிருந்தும் குப்பத்திலிருந்தும் வேலைக்கு ரயிலேறுவோரும் உண்டு.

பரம்பரைக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லையா? சிறிது உண்டு. எவ்வளவு என்பதற்கு எலிகளே சாட்சி. குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட மாட்டுக் காசநோய்க் கிருமி. அதைச் சில வகை எலிகளுக்குச் செலுத்தினால் மண்ணீரலில் பெருகுகிறது. வேறு வகை எலிகளில் அடங்கிவிடுகிறது. இதற்குக் காரணமான மரபணுவை 1993-ல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கிருமியை விழுங்கும் அணு, அதற்கு வேண்டிய இரும்பு, மாங்கனீசுச் சத்துகளைப் பறித்துப் பட்டினி போட இந்த மரபணு உதவுகிறது. அது பழுதானால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆனால் மனிதரைத் தாக்கும் காசநோய்க் கிருமியிடம் இதே மரபணு எலிகளுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது.

ஆக, பரம்பரையாக வருவது நோயல்ல. எதிர்த்து நிற்கும் சக்தியில் ஓர் ஏற்றத்தாழ்வு மட்டுமே. கிருமி நுழையாமல் யாருக்கும் இந்நோய் வராது. ஒரே வீட்டில் பலருக்கு வருகிறதென்றால், காற்றோட்டமில்லாத அறையில் நெருங்கிப் படுப்பதே முதற்காரணம்.

மருந்தோ பரம்பரை பார்ப்பதில்லை. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1915-ல் காசநோய் ஆஸ்பத்திரி எழுந்த காலத்தில், ஓய்வும் நல்ல உணவும்தான் சிகிச்சை. 1959-ல் வெளியான சென்னை ஆய்வு அதை மாற்றியது. நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு இருந்த ஏழைகளும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் தங்கியவர்களுக்கு ஈடாகக் குணமடைந்தார்கள்.

எனவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு. சாதாரண காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். இருமல் நின்றதென்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

இருமும்போது வாயை மறைப்போம். நோயை மறைக்க வேண்டாம்.